வீடு விற்போர் கடமை

நமது நாட்டில் மத்தியதர வகுப்பைச் சேர்ந்த ஒரு குடும்பஸ்தன் தன் ஆயுட்காலத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் வீடு வாங்குகிறான். முப்பது வருஷ உத்தியோகத்தின் சேமிப்பு, மனைவியின் நகை, பாங்கியில் பட்ட கடன் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்தக் கிரயத் தொகையாகின்றன. கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். ஏமாந்துபோனாலும் நஷ்டம் சில ரூபாய். மறுநாள் வேறு கடைக்குப் போய்விடலாம். வீட்டில் சொத்தை இருந்தால் போவதற்கு வேறு இடமில்லை. இத்தகைய வியாபாரத்தில், விற்பவர் தமக்குத் தெரிந்த குறைகளை வாங்குபவரிடம் சொல்லியே தீரவேண்டுமா, அல்லது மௌனம் சாதித்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டு போய்விடலாமா என்பது ஒவ்வொரு குடும்பத்தையும் பற்றிய கேள்வியாகும். இதை வக்கீல்களுக்கு மட்டும் உரிய விஷயமென்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

சில காலத்துக்கு முன் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தஸ்தாவேஜுக் கட்டு ஒன்றைக் கையிலேந்திக்கொண்டு நம்மிடம் வந்தார். சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகர்ப் பகுதியில், பங்குனி மாதத்தில், அவர் ஒரு வீட்டைக் கிரயம் வாங்கியிருந்தார். சுவர்களுக்குப் புது வர்ணம் பூசியிருந்தது. கூடத்தில் புதிய தளவரிசை போட்டிருந்தது. வில்லங்கச் சான்று சுத்தமாயிருந்தது. கார்த்திகையில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் இரவில் கூடத்தில் இடுப்பளவு ஜலம் நின்றது. மறுநாள் அண்டை வீட்டார் அனுதாபத்தோடு வந்து, “இது பெருமழைக்கெல்லாம் நடப்பதுதான், முன்னிருந்தவர் இதனால்தானே விற்றுவிட்டுப் போனார்?” என்றார்களாம். தெருவுக்கெல்லாம் தெரிந்த உண்மை, பணம் கொடுத்த ஒருவருக்கு மட்டும் தெரியாமற் போயிற்று. “அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை, ஐயா. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காதது என் குற்றமா, சொல்லாதது அவர் குற்றமா?” என்று அவர் வினவினார்.

இக்கேள்வி புதிதன்று. கி.மு. 44-ல் ரோமாபுரியின் பெரிய வழக்கறிஞரான ஸிஸரோ, கடமைகளைப் பற்றித் தம் குமாரனுக்கு எழுதிய நூலில் இதையே ஆராய்ந்திருக்கிறார். படுக்கையறைகளில் விஷ ஜந்துக்கள் ஊர்வதும், மரங்கள் உளுத்துப்போயிருப்பதும் உடையவனுக்கு மட்டுமே தெரிந்திருக்க, அவன் அதைச் சொல்லாமல் நல்ல விலைக்கு வீட்டை விற்றால் அது நியாயமா என்று அவர் கேட்கிறார். நியாயமன்று என்பதே அவர் முடிவு. அதோடு ஓர் உண்மை வழக்கையும் எடுத்துக் காட்டுகிறார். கிளாடியஸ் என்பவருடைய வீட்டின் உயரம் நிமித்தம் பார்க்கும் புரோகிதர்களின் பார்வைக்குத் தடையாயிருந்தது. இடையூறான பாகங்களை இடித்துவிடும்படி அவருக்கு உத்தரவு பிறந்தது. அவர் இடிக்கவில்லை, வீட்டை விற்றுவிட்டார். வாங்கிய கல்பூர்னியஸுக்கு அதே உத்தரவு வந்தது. அவர் இடித்தார், பிறகு விஷயத்தை அறிந்து வழக்காடினார். விற்றவர் உத்தரவை அறிந்திருந்தும் சொல்லாமல் விற்றபடியால் நஷ்டத்தை ஈடு செய்யக் கடவரென்று நீதிபதி கேட்டோ தீர்ப்பளித்தார். இரண்டாயிரம் வருஷங்களுக்குப் பிறகு, நகரசபையின் இடிப்பு நோட்டீசைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டை விற்பவர்கள் நம் நகரங்களிலும் இல்லாமற் போகவில்லை. உத்தரவிடுபவர்கள் மாறினார்களே தவிர, மறைப்பவரின் மனம் மாறவில்லை.

இனி நமது சட்டத்தைப் பார்ப்போம். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவை நம் ஜனங்களில் எத்தனை பேர் அறிவார்கள்? சொத்தில் உள்ள முக்கியமான குறை எதுவோ, அது தமக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண ஜாக்கிரதையால் அவர் கண்டுபிடிக்கவும் முடியாததாயிருந்தால், அதை வாங்குபவருக்குத் தெரிவிக்க விற்பவர் கடமைப்பட்டவர் என்று அப்பிரிவு ஸ்பஷ்டமாய்ச் சொல்லுகிறது. 1929-ம் வருஷத்துத் திருத்தம், விற்பவருடைய பாத்தியதையில் உள்ள குறையையும் இவ்விதியில் சேர்த்தது. வாங்குபவர் கேட்டால் மூலப் பத்திரங்களைக் காட்ட வேண்டும். சொத்தைப் பற்றியும் பாத்தியதையைப் பற்றியும் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்கெல்லாம் தமக்குத் தெரிந்த மட்டில் விடை சொல்ல வேண்டும். கிரயத் தேதி வரையிலுள்ள வரி பாக்கிகளைத் தீர்க்க வேண்டும். இவ்வளவும் அதே பிரிவில் அடங்கியவை. முடிவில் வரும் வாக்கியம் எல்லாவற்றிலும் முக்கியமானது: சொல்ல வேண்டிய குறையைச் சொல்லாமல் விடுவது மோசடியாகும் என்று சட்டமே தீர்மானித்திருக்கிறது.

இச்சட்டத்தை எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்கள் தேசத்துப் பொதுச் சட்டத்திலோ, “வாங்குபவனே விழிப்பாயிருக்கக் கடவன்” என்பது மூல மந்திரம். அங்கே விற்பவர் பொய் சொல்லலாகாது. ஆனால் கட்டடத்தின் குறைகளைத் தாமாக முன்வந்து சொல்ல வேண்டிய கடமை பொதுவாக இல்லை. அந்நியர் எழுதிக் கொடுத்ததாயினும், இந்த ஒரு விஷயத்தில் நமது சட்டம் அவர்களுடைய சட்டத்தைவிட மேலான தர்மத்தை மேற்கொண்டிருக்கிறது. நம் நாட்டுப் பழைய கொள்கைக்கும் இதுவே ஒத்தது. வீட்டை விற்கும்போது அவ்வீட்டின் வாசலிலேயே, அண்டை அயலார் முன்னிலையில், எல்லைகளைச் சரியாகக் கூறி அறிவிக்க வேண்டுமென்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. அண்டை வீட்டார் எதிரில் விற்பனை நடந்திருந்தால் நம் ஆசிரியர் ஏமாந்திருப்பாரா?

சட்டம் நன்றாயிருந்தும் ஜனங்கள் ஏன் ஏமாறுகிறார்கள்? சட்டத்திலேயே மூன்று வாசல்கள் திறந்து கிடக்கின்றன. மௌனம் சாதிப்பவர் அவற்றின் வழியே வெளியேறிவிடுகிறார்.

முதலாவது வாசல், “மாறான ஒப்பந்தம் இல்லாதபோது” என்று அப்பிரிவின் தலையில் நிற்கும் வார்த்தைகள். கிரயப் பத்திரத்தில், “சொத்தை நேரில் பார்வையிட்டு, திருப்தியடைந்து, உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்” என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும், தாம் தப்பித்துக்கொண்டதாக விற்பவர் எண்ணுகிறார். அத்தகைய வரி மோசடிக்குப் போர்வையாகாது என்று வாதிக்க இடமுண்டு. ஆனால் வாதித்து வெற்றி பெறுவதற்குள் வாங்கியவரின் தலை நரைத்துவிடும்.

இரண்டாவது வாசல், “சாதாரண ஜாக்கிரதை” என்பது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 19-வது பிரிவும் இதே வாசலைத் திறந்து வைக்கிறது: மௌனத்தினால் ஏமாந்தவர், சாதாரண முயற்சியால் உண்மையை அறியக்கூடிய வசதி பெற்றிருந்தால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. பங்குனி வெயிலில் வீட்டைப் பார்த்தவர் கார்த்திகை வெள்ளத்தைக் கண்டிருக்க வேண்டுமா? பக்கத்து வீட்டாரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே என்று எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நின்று சொல்லுவார். புது வர்ணமே உண்மையை மூடிவிட்டதென்று நாம் சொல்லலாம். எப்படித் தீர்ப்பாகுமென்று எவரும் முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது.

மூன்றாவது வாசல் ருஜுவைப் பற்றியது. குறை இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அது விற்பவருக்குத் தெரிந்திருந்தது என்றும் காட்ட வேண்டும். ஒருவர் மனத்தில் இருந்ததை எந்தச் சாட்சி சொல்லுவான்? அண்டை வீட்டார் அனுதாபம் காட்டுவார்கள், கூண்டேற மாட்டார்கள்.

வில்லங்கச் சான்றே எல்லாவற்றையும் காட்டிவிடும் என்ற மயக்கம் நம்மவர்களிடம் பலமாயிருக்கிறது. அது காட்டுவது ரிஜிஸ்தர் ஆன தஸ்தாவேஜுகளின் ஜாபிதா மாத்திரமே. எழுத்தில்லாமல் மூலப் பத்திரங்களை ஒப்படைத்து வாங்கிய கடன் அதில் வராது. உயில் வராது. நியாயஸ்தலத்தில் தாவா நடப்பது அதிலிருந்து தெரியுமென்று நம்புவதற்கில்லை. ஆனால் தாவா நடக்கும் சொத்தை அறியாமல் வாங்கினவரும் முடிவில் வரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே என்று 52-வது பிரிவு சொல்லுகிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்கும் பிறப்பால் பங்குண்டு என்று நம் மாநிலச் சட்டம் 1989-லும், மத்திய சட்டம் 2005-லும் ஏற்படுத்தின. தங்கையின் பங்கை மறைத்து அண்ணன் எழுதிக் கொடுத்த கிரயங்கள் எத்தனையோ நியாயஸ்தலங்களில் தூசி படிந்து கிடக்கின்றன. இவையெல்லாம் பாத்தியதையைப் பற்றியவை. சுவரின் விரிசலையும், கிணற்றின் உப்பையும், தெருவில் நிற்கும் வெள்ளத்தையும் எந்தச் சான்றும் காட்டப்போவதில்லை. “முன் வில்லங்கம் யாதொன்றும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் ஏற்பட்டால் என் சொந்தப் பொறுப்பில் தீர்த்துத் தருகிறேன்” என்று பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் வாசகமும் கடனுக்கும் பங்காளிக்குமே காவல், காரைக்கும் கூரைக்கும் அதில் ஒரு சொல்லும் கிடையாது.

வெள்ளத்தைப் பற்றி நாம் விசேஷமாய்ப் பேசுவதற்குக் காரணமுண்டு. 2015-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அடையாறு கரை புரண்டு சென்னையின் பல பகுதிகளை மூழ்கடித்ததை மறந்தவர் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தலைநகர் மறுபடியும் தத்தளித்தது. அதே மாதத்தில் தாமிரபரணி தீரமும் தூத்துக்குடியும் பெருவெள்ளத்தைக் கண்டன. ஏரியின் நீர்பிடிப்பிலும் சதுப்பு நிலத்தின் விளிம்பிலும் மனைகள் எழுந்துவிட்ட நகரத்தில், எந்த வீட்டில் எவ்வளவு ஜலம் நின்றது என்பது வீட்டின் விலையையே நிர்ணயிக்கத்தக்க உண்மை. அது முக்கியமான குறையல்லவென்றால் வேறு எதுதான் முக்கியமான குறை? அந்த உண்மையை முற்றும் அறிந்தவர் அவ்வீட்டில் வசித்தவர் ஒருவரே.

சர்க்கார் இவ்விஷயத்தில் ஒன்றுமே செய்யவில்லையென்று நாம் சொல்லவில்லை. 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், புதிதாய்க் கட்டி விற்கும் கம்பெனிகளைத் தக்கபடி கட்டுப்படுத்தியிருக்கிறது. அவர்கள் நிலத்தின் பாத்தியதையையும் அனுமதி பெற்ற பிளானையும் பகிரங்கப்படுத்த வேண்டும். ஒப்படைத்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். நிலத்தின் பாத்தியதையில் குறையிருந்தால், காலாவதி என்ற தடையின்றி, நஷ்ட ஈடு தர வேண்டும். மிகவும் நல்ல விதிகள்! ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில், அல்லது எட்டுக்கு மேற்படாத வீடுகளாகக் கட்டும் சிறு கட்டடங்கள் அச்சட்டத்தின்படி ரிஜிஸ்தர் ஆக வேண்டியதில்லை. ஒரு குடும்பஸ்தர் மற்றொரு குடும்பஸ்தருக்குத் தம் பழைய வீட்டை விற்கும் விற்பனை அதன் எல்லைக்குள் வருவதேயில்லை. அங்கே 1882-ம் வருஷத்துப் பிரிவு ஒன்றே துணை.

அமெரிக்கா தேசத்தின் நியூயார்க் ராஜ்யத்தில் நடந்தது நமக்கு ஒரு படிப்பினை. அங்கே வீடு விற்பவர் குறிப்பிட்ட கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் தர வேண்டுமென்று 2002-ல் சட்டம் ஏற்பட்டது. ஆனால் பதில் தராதவர் வாங்குபவருக்கு 500 டாலர் தள்ளிக் கொடுத்தால் போதுமென்றும் அதே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். விளைவு என்ன? விற்பவர்கள் 500 டாலரைத் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். பெரிய விலைக்கு விற்கும் வீட்டில் அந்தத் தொகை மௌனத்துக்குக் கொடுக்கும் அற்பக் கூலி. இருபது வருஷங்களுக்கு மேல் இந்தக் கேலிக்கூத்து நடந்த பிறகு, 2024-ல் அவ்விலக்கை எடுத்துவிட்டு, வெள்ளத்தைப் பற்றிய கேள்விகளையும் சேர்த்தார்கள். சொல்ல வேண்டிய கடமையை விதித்து, சொல்லாமலிருக்க ஒரு வாசலையும் திறந்து வைத்தால், எல்லோரும் வாசல் வழியாகவே போவார்கள். நமது “மாறான ஒப்பந்தம்” அத்தகைய வாசல்தான். அதற்கு 500 டாலர் கட்டணங்கூடக் கிடையாது.

ஆகவே நாம் கூறும் யோசனை இது. ஒவ்வொரு வீட்டுக் கிரயப் பத்திரத்தோடும் விற்பவர் கையெழுத்திட்ட வாக்குமூலம் ஒன்று, தமிழில், அநுபந்தமாகச் சேர்க்கப்பட வேண்டும். கேள்விகள் சிலவே போதும். கடந்த பத்து வருஷங்களில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததா, எவ்வளவு உயரம்? கூரை ஒழுக்கும் சுவர் விரிசலும் உண்டா? கட்டடம் அனுமதித்த பிளானுக்கு மாறுபட்டதா; நோட்டீசு ஏதேனும் வந்ததா? தாவா நடக்கிறதா? பத்திரத்தின் பேரில் கடன் உண்டா? பங்குக்கு உரியவர்கள் யார் யார்? குடியிருப்பவர் உண்டா? வரி, தண்ணீர், மின்சார பாக்கி எவ்வளவு? பாதையைப் பற்றியும் எல்லையைப் பற்றியும் தகராறு உண்டா? “உண்டு,” “இல்லை,” “தெரியாது” என்ற மூன்றில் ஒரு விடையை எழுத வேண்டும். இவ்வாக்குமூலத்தை எந்த ஒப்பந்தத்தாலும் விலக்கலாகாது. தெரிந்தே பொய்யாக எழுதினவர் நஷ்ட ஈட்டுக்கு உத்தரவாதியாவதோடு, வாங்கியவர் கேட்டால் கிரயத்தையே திருப்பிக்கொள்ள வேண்டும்.

இந்த ஒரு காகிதம் மூன்று வாசல்களையும் அடைத்துவிடும். ஒப்பந்தத்தால் தப்ப முடியாது. எழுதிக் கொடுத்த விடையை நம்பி வாங்கினவரை ஜாக்கிரதையற்றவர் என்று எளிதில் தூற்ற முடியாது. விற்பவரின் கையெழுத்தே அவர் அறிவுக்குச் சாட்சியாக நிற்கும்.

சட்ட ஆட்சேபம் ஒன்றுக்கு விடை கூறுவோம். விற்பவரின் மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் ரிஜிஸ்தர் செய்ய மறுக்கலாமென்று நம் மாநிலம் செய்திருந்த 55-ஏ விதியின் முதற் பகுதியை, 2025 ஏப்ரல் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்று தள்ளிவிட்டது. பாத்தியதையை ஆராயும் அதிகாரத்தை ரிஜிஸ்திரேஷன் சட்டம் சப் ரிஜிஸ்திராருக்கு அளிக்கவில்லை என்பதே காரணம். நமது யோசனை சப் ரிஜிஸ்திராரை நீதிபதியாக்குவதன்று. விடை உண்மையா பொய்யா என்று அவர் ஆராய வேண்டியதில்லை. அநுபந்தம் இருக்கிறதா என்று பார்த்தாற் போதும். இதையும் விதியாகச் செய்யாமல் சட்டமாகவே செய்ய வேண்டுமென்று அத்தீர்ப்பிலிருந்து நாம் பாடம் கற்கிறோம். விவசாய நிலமல்லாத சொத்து மாற்றமும், தஸ்தாவேஜுப் பதிவும் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் ஆறாவது இனமாக இருக்கின்றன. ஆகையால் நமது சட்டசபையே மசோதா கொண்டுவந்து, ராஷ்டிரபதியின் சம்மதம் பெற்று, இதை நிறைவேற்றலாம். டில்லியை எதிர்பார்த்துக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இதனால் வீட்டு விலை குறைந்துபோகுமே என்று சிலர் அஞ்சலாம். குறையட்டும். மறைத்ததனால் கிடைத்த அதிக விலை, விற்பவருக்கு நியாயமாய்ச் சேர்ந்த பொருளன்று. தந்தையின் வீட்டை வெளியூரிலிருந்து விற்கும் மகன் எதை அறிவான் என்று கேட்கலாம். அறியாததை அறியேன் என்று எழுத அவனுக்கு இடமுண்டு. சட்டம் கேட்பது தெரிந்ததை மட்டுமே. யோக்கியமான மனிதருக்கு இது தொந்தரவாகுமே என்றும் கேட்கலாம். உண்மையில் இது அவருக்கே பெரிய பாதுகாப்பு. சொல்லிவிட்ட குறைக்காகப் பிறகு எவரும் அவரை நியாயஸ்தலத்துக்கு இழுக்க முடியாது.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை. பொருத்தமான கேள்விகளுக்கு விடை பெறும் உரிமை இன்றைக்கே வாங்குபவருக்கு இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன், மேற்சொன்ன கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதி விற்பவரிடம் கொடுத்து, கையெழுத்தோடு விடை கேளுங்கள். வாயால் சொல்லுகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். மழைக்காலத்தில் ஒரு முறை அத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். ஊரில் தொண்டு செய்யும் நண்பர்கள் இக்கேள்விகளை அச்சிட்டு, ஒவ்வொரு சப் ரிஜிஸ்திரார் கச்சேரி வாசலிலும் இனாமாக வழங்கலாம். அதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. பத்திர எழுத்தர்களும் தரகர்களும் முதலில் முகம் சுளிப்பார்கள். ஜனங்கள் கேட்கத் தொடங்கிவிட்டால் அவர்களும் வழிக்கு வருவார்கள்.

அந்த ஆசிரியருக்கு நாம் என்ன சொன்னோம்? “குற்றம் உம்முடையதன்று, சட்டம் உம் பக்கம் இருக்கிறது, ஆனால் ருஜு உம் கையில் இல்லை” என்று சொல்ல நேர்ந்தது. அதைச் சொல்லும்போது நமக்கு வெட்கமாயிருந்தது. அவர் கட்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். இப்போது இன்னொரு கடன் வாங்கி, தரையை மூன்றடி உயர்த்தியிருக்கிறார் என்று கேள்விப்படுகிறோம். புஸ்தகத்தில் நூற்று நாற்பது வருஷங்களுக்கு மேலாக எழுதியிருக்கும் நீதி, பாடுபட்டுச் சம்பாதித்தவனின் வாசற்படியேறி வருவதில்லையென்றால், அதை அங்கே கொண்டு சேர்ப்பது 1947-ல் சுதந்திரம் பெற்ற ஜனங்களின் பொறுப்பல்லவா? சட்டசபை அங்கத்தினர்களே, அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் ஒருவராவது இம்மசோதாவைக் கொண்டுவாருங்கள். விற்பவர் வாய் திறக்கட்டும். வாங்குபவர் நிம்மதியாய்க் குடிபுகட்டும்.